விண்வெளி வீரர் பொம்மையின் முறிந்த கால்: பசை பிடிக்கவில்லை, கம்பி பிடித்தது

பழைய மலிவு பிளாஸ்டிக் விண்வெளி வீரர், கணுக்காலோடு முறிந்திருந்தார். சூப்பர் குளூ மறுநாளே உரிந்தது. உப்புத்தாளால் தேய்த்து எபாக்ஸி (இரண்டு பாகமாகக் கலந்து பூசும் பசை) பூசி 24 மணி நேரம் காயவிட்டேன். அதுவும் தகடுபோல் முழுசாகக் கழன்றது. நான்கு நாள் வீண்.

உடைந்த பாதத்தைத் தண்ணீரில் போட்டதும் விஷயம் புரிந்தது: மிதந்தது. ஒரு சொட்டு சோப்பு விட்டு, ஒட்டியிருந்த காற்றுக்குமிழிகளைத் துடைத்தும் மிதந்தது. அப்படியானால் பாலிஎத்திலீன் வகை பிளாஸ்டிக். சாதாரணப் பசை பிடிக்காது. பிவிசி, பாலிஸ்டைரீன் போன்ற வேறு பிளாஸ்டிக் என்றால் மூழ்கியிருக்கும்.

கால், பாதம் இரண்டின் முறிந்த முகத்திலும் 0.8 மி.மீ. துளை, 5 மி.மீ. ஆழம், துளையிடும் ஊசியைக் கையாலேயே திருகி. 1 மி.மீ. எஃகுக் கம்பியில் அரத்தால் குறுக்கே நாலைந்து வெட்டு. வழவழப்பான கம்பி உருவிக்கொண்டு வந்துவிடும். இளகிய பிளாஸ்டிக் அந்த வெட்டுகளுக்குள் இறங்கினால்தான் பிடிப்பு. சால்டரிங் அயர்னால் (ஈயப் பற்றவைப்புக் கருவி) கம்பியைச் சூடாக்கி முதலில் காலுக்குள் அழுத்தி, நன்கு ஆறியபின் பாதத்தையும் அதேபோல் சேர்த்தேன். புகை வந்தால் சூடு அதிகம். இப்போது நேராக நிற்கிறார்.