சப்டொமைனைக் கடைக்குத் திருப்பிவிடுவது எப்படி? முதல்முறை செய்பவர்களுக்கு

என் சித்தி சுங்குடிப் புடவை விற்கிறார். ஆன்லைன் கடை தொடங்கியபோது முகவரி ‘ஷாப்.நம்கடை.காம்’ என்று இருந்தது. ‘நம்கடை.காம்’ டொமைன், அதன் முன்னால் ‘ஷாப்’ ஒட்டிய பெயர் சப்டொமைன். விசிட்டிங் கார்டு, புடவைப் பை, வாட்ஸ்அப் என எல்லா இடத்திலும் அதைத்தான் போட்டிருந்தார். அப்புறம் கடையை ஷாப்பிஃபை என்ற ஆன்லைன் கடைச் சேவைக்கு மாற்றி, முகவரியையும் வெறும் ‘நம்கடை.காம்’ ஆக்கினோம். பழைய முகவரியைத் தட்டியவர்களுக்குப் பிழைப் பக்கம்தான் வந்தது. டிஎன்எஸ்ஸில் (பெயரைக் கேட்டால் சர்வர் இருக்கும் இடத்தைச் சொல்லும் பட்டியல்) ஒரு சிநேம் (ஒரு பெயரை இன்னொரு பெயருக்குச் சுட்டும் பதிவு) போட்டுவிட்டு, வேலை முடிந்தது என்று இருந்துவிட்டேன். மறுநாளும் அதே பிழை. (முகவரிகளை இங்கே தமிழில் எழுதுகிறேன். நீங்கள் உங்களுடையதை வழக்கம்போல ஆங்கிலத்தில் தட்டுங்கள்.)

பிழைக்குக் காரணம் எளியது. டிஎன்எஸ் யாரையும் திருப்பிவிடாது.

தெருமுனைப் பெட்டிக்கடைக்காரரிடம் வழி கேட்கிறோம். “மூணாவது வீடு” என்று சொல்வதோடு அவர் வேலை முடிந்தது. அங்கே போய்ப் பார்த்தால் கதவில் ‘கடை இடம் மாற்றப்பட்டுள்ளது, புது முகவரி இது’ என்று பலகை தொங்குகிறது. வழி சொன்னவர் டிஎன்எஸ். பலகைதான் ரீடைரக்ட். பலகையை மாட்ட அந்த வீட்டில் ஒருவர் இருந்தாக வேண்டும், அதாவது ஒரு சர்வர். நான் வழியை மட்டும் சொல்லிவிட்டு, பலகை மாட்டாமல் விட்டிருந்தேன்.

முதல் படி: டிஎன்எஸ் எங்கே இருக்கிறது?

டொமைனை ஒரு நிறுவனத்திடம் வாங்கியிருப்பீர்கள், நேம்சர்வர், அதாவது டிஎன்எஸ் பட்டியலை வைத்திருக்கும் சர்வர், வேறோர் இடத்தைக் காட்டிக்கொண்டிருக்கும். அப்படியென்றால் வாங்கிய இடத்தில் என்ன மாற்றினாலும் பயனில்லை. டொமைன் கணக்கில் ‘நேம்சர்வர்’ என்ற பகுதியைப் பார்த்து, அது காட்டும் இடத்துக்குப் போய் வேலை செய்யுங்கள்.

எதையும் தொடும் முன், இருக்கும் ரெக்கார்டுகள், அதாவது டிஎன்எஸ் பதிவுகள், எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எம்எக்ஸ் ரெக்கார்டு உங்கள் மின்னஞ்சலுக்கானது. அதை அழித்தால் ஆர்டர் பற்றிக் கேட்டு வாடிக்கையாளர் அனுப்பும் மெயில் வந்து சேராது. டொமைன் உங்களுடையதுதான் என்று சரிபார்க்கவும் மின்னஞ்சலுக்கும் பயன்படும் டிஎக்ஸ்டி ரெக்கார்டுகளிலும் கை வைக்க வேண்டாம்.

இரண்டாம் படி: பழைய பெயரை முழுதாகக் கடைக்குத் திருப்புவது

ஷாப்பிஃபை கடை என்றால் இது சுலபம். டிஎன்எஸ் பக்கத்தில் புதிய ரெக்கார்டு சேருங்கள். வகை சிநேம். பெயர் என்ற இடத்தில் ‘ஷாப்’ மட்டும். மதிப்பு ‘ஷாப்ஸ்.மைஷாப்பிஃபை.காம்’. ‘ஷாப்ஸ்’ என்பதன் கடைசியில் ‘ஸ்’ இருக்கிறது, பலர் அதைத்தான் விட்டுவிடுகிறார்கள். அதே பெயரில் பழைய ஏ ரெக்கார்டு (பெயரை ஒரு சர்வரின் எண்ணுக்குச் சுட்டும் பதிவு) இருந்தால் முதலில் அதை நீக்குங்கள். சிநேம் இருக்கும் பெயரில் வேறு ரெக்கார்டு இருக்கக் கூடாது என்பது டிஎன்எஸ் விதி. அதனால்தான் எம்எக்ஸ் முதலியவை குடியிருக்கும் ‘நம்கடை.காம்’ என்ற மூலப் பெயருக்குச் சிநேம் போடாமல் 23.227.38.65 என்ற ஏ ரெக்கார்டைப் போடச் சொல்கிறது ஷாப்பிஃபை.

பெயர் இடத்தில் முழு முகவரியையும் தட்டிவிடாதீர்கள். பல டிஎன்எஸ் பக்கங்கள் பின்னால் டொமைனைத் தாமாகவே ஒட்டிவிடும், ‘ஷாப்.நம்கடை.காம்.நம்கடை.காம்’ என்று ஒரு பெயர் உருவாகி நிற்கும். மதிப்பு இடத்தில் எச்டிடிபிஎஸ், சாய்கோடு எதுவும் வேண்டாம், பெயர் மட்டும் போதும்.

அடுத்து, நான் விட்ட வேலை. ஷாப்பிஃபையின் செட்டிங்ஸில் டொமைன்ஸ் பகுதிக்குப் போய், ‘ஷாப்.நம்கடை.காம்’ என்பதையும் இணையுங்கள். ‘நம்கடை.காம்’ முதன்மை டொமைனாக இருக்கட்டும். மற்ற பெயர்களில் வருபவர்களை முதன்மைக்குத் திருப்பிவிடும் வசதி அங்கேயே இருக்கிறது. பாதுகாப்புச் சான்றிதழ், அதாவது எஸ்எஸ்எல், தயாராகச் சில சமயம் 48 மணி நேரம் வரை ஆகலாம். அதுவரை பிரவுசர் எச்சரிக்கை காட்டினால் பதறி ரெக்கார்டை மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள்.

மூன்றாம் படி: ஒரு குறிப்பிட்ட பக்கத்துக்குத் திருப்புவது

‘தீபாவளி.நம்கடை.காம்’ என்று நோட்டீஸில் அச்சடித்து, அதைத் தட்டுபவர்களைத் தீபாவளிப் புடவைகள் இருக்கும் பக்கத்துக்கே கொண்டுபோக ஆசைப்படுகிறீர்கள். சிநேமால் இது நடக்காது, ஏனென்றால் டிஎன்எஸ்ஸுக்குப் பெயர் மட்டும்தான் தெரியும், பக்கம் என்றால் என்னவென்றே தெரியாது. பலகை மாட்ட வேறொருவர் வேண்டும். டிஎன்எஸ்ஸைக் கிளவுட்ஃப்ளேர் என்ற சேவையில் வைத்திருந்தால் இலவசக் கணக்கே போதும்.

அங்கே ‘தீபாவளி’ என்ற பெயரில் ஏ ரெக்கார்டு சேர்த்து, 192.0.2.1 என்று போடுங்கள். விளக்க உதாரணங்களுக்காக ஒதுக்கிய எண் அது, அங்கே எந்த சர்வரும் கிடையாது. ரெக்கார்டுக்குப் பக்கத்தில் இருக்கும் மேகச் சின்னம் ஆரஞ்சு நிறத்தில் இருக்க வேண்டும். அப்போதுதான் வருபவரைக் கிளவுட்ஃப்ளேரே வாசலில் நின்று வரவேற்கும். சாம்பல் நிறமென்றால் அவர் ஆளில்லாத வீட்டுக்குப் போய் நிற்பார்.

பிறகு ரூல்ஸ் பகுதியில் ரீடைரக்ட் விதி ஒன்று உருவாக்குங்கள். ஹோஸ்ட்நேம், அதாவது வருபவர் தட்டிய பெயர், ‘தீபாவளி.நம்கடை.காம்’ என்றால், இந்தப் பக்கத்துக்கு அனுப்பு என்று சொல்லி, பக்கத்தின் முழு முகவரியை எச்டிடிபிஎஸ்ஸோடு கொடுங்கள். குவெரி ஸ்ட்ரிங்கை (முகவரியில் கேள்விக்குறிக்குப் பின் வரும் பகுதி) அப்படியே வைத்துக்கொள்ளும் தேர்வை டிக் செய்யுங்கள், இல்லாவிட்டால் எந்த விளம்பரத்திலிருந்து வந்தார்கள் என்ற குறிப்பு வழியிலேயே உதிர்ந்துவிடும்.

ரீடைரக்டின் வகையைச் சொல்லும் எண்ணைத் தேர்ந்தெடுக்கும்போது நிதானம் வேண்டும். 301 நிரந்தரம், 302 தற்காலிகம். பிரவுசர்கள் 301ஐ நினைவில் வைத்துக்கொள்ளும். அடுத்த ஆண்டு நீங்கள் பக்கத்தை மாற்றினாலும், முன்பு வந்தவரின் போன் பழைய இடத்துக்கே போகலாம். தீபாவளிக்கு 302தான் சரி. சித்தியின் பழைய ‘ஷாப்’ பெயர் போல இனி மாறாது என்பதற்கு 301.

பெயரில் இரண்டு அடுக்கு வைக்காதீர்கள். கிளவுட்ஃப்ளேரின் இலவசச் சான்றிதழ் ‘தீபாவளி.நம்கடை.காம்’ வரைக்கும் செல்லும். ‘பட்டு.தீபாவளி.நம்கடை.காம்’ என்றால் செல்லாது.

டொமைன் விற்பவர்கள் தரும் ஃபார்வர்டிங் வசதியையும் பயன்படுத்தலாம். ஆனால் எச்டிடிபிஎஸ்ஸில் அது வேலை செய்கிறதா என்று முதலில் பாருங்கள். சிலவற்றில் அதற்குச் சான்றிதழ் இருப்பதில்லை. பணம் கட்ட வருபவர் கண்ணில் முதலில் படுவது ‘பாதுகாப்பற்றது’ என்ற எச்சரிக்கை என்றால் அவர் திரும்பிப் போய்விடுவார்.

நான்காம் படி: சோதனை

கணினியின் கமாண்ட் பிராம்ப்டில் ‘என்எஸ்லுக்கப்’ கட்டளையோடு சப்டொமைனைத் தட்டுங்கள். நீங்கள் கொடுத்த ஷாப்பிஃபை பெயரோ, கிளவுட்ஃப்ளேரின் எண்களோ வந்தால் வழி சரி. ஆரஞ்சு மேகத்தில் 192.0.2.1 வெளியே தெரியாது, அதைத் தேட வேண்டாம். பிறகு போனில் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் இன்காக்னிட்டோவில் திறங்கள். வழி சரியாக இருந்தும் பக்கம் வரவில்லை என்றால் கோளாறு பலகையில், டிஎன்எஸ்ஸைத் தொட வேண்டாம். இப்படிப் பிரித்துப் பார்க்கத் தெரிந்திருந்தால் எனக்கு ஒரு நாள் மிச்சமாகியிருக்கும்.

பழைய விடையே வந்துகொண்டிருந்தால் டிடிஎல், அதாவது விடையை எத்தனை விநாடி நினைவில் வைக்கலாம் என்ற அளவு, தான் காரணம். 3600 என்று இருந்தால் ஒரு மணி நேரம் பழையதே நினைவில் நிற்கும். மாற்றம் செய்வதற்கு முந்தைய நாளே அதை 300 ஆக்கிவிட்டால் ஐந்து நிமிடத்தில் புதியது வரும்.

அப்புறம் ஒன்று. என்றைக்காவது ஷாப்பிஃபையையோ வேறு சேவையையோ விட்டு விலகினால், அதைச் சுட்டும் சிநேமையும் அன்றே நீக்குங்கள். ஆளில்லாத இடத்தைச் சுட்டிக்கொண்டிருக்கும் பெயரை, சில சேவைகளில் வேறொருவர் தன் கணக்கில் இணைத்து, உங்கள் கடைப் பெயரிலேயே போலிப் பக்கம் திறக்க முடியும். சித்தியின் டிஎன்எஸ் பட்டியலை இப்போது மாதம் ஒருமுறை திறந்து, பயன்படாத பெயர் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துவிடுகிறேன்.