விண்டோஸ் அப்கிரேடுக்குப் பிறகு வைஃபை வரவில்லையா?

விண்டோஸை அப்கிரேடு செய்த கையோடு லேப்டாப்பில் வைஃபை காணாமல் போனால் ரூட்டரைத் திட்டாதீர்கள், பெரும்பாலும் டிரைவர்தான், அதாவது வைஃபை கருவியை இயக்கும் மென்பொருள்தான் காரணம். ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறங்கள். நெட்வொர்க் அடாப்டர்ஸ் பகுதியில் வயர்லெஸ் என்றோ வைஃபை என்றோ பெயர் உள்ளதன் ப்ராப்பர்ட்டீஸுக்குப் போய், டிரைவர் டேபில் ‘ரோல் பேக் டிரைவர்’ அழுத்தினால் பழைய டிரைவர் திரும்பிவிடும். அந்த பட்டன் மங்கலாக இருக்கிறதா? சரி, பழையது கைவசம் இல்லை. போனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங்கை ஆன் செய்தால் லேப்டாப்புக்கு நெட் கிடைக்கும், அப்புறம் லேப்டாப் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து உங்கள் மாடலுக்குரிய வைஃபை டிரைவரை இறக்கிக்கொள்ளலாம். நெட்வொர்க் அமைப்புகளை அழித்துப் புதிதாக்கும் நெட்வொர்க் ரீசெட்டைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள், சேமித்த வைஃபை பாஸ்வேர்டெல்லாம் போய்விடும்.