குட்டி டெஸ்க்டாப்புக்கு ராம் வாங்கும்போது நேரும் தவறுகள்

டெல் ஆப்டிபிளெக்ஸ் மைக்ரோ, லெனோவோ திங்க்சென்டர் டைனி போன்ற குட்டி டெஸ்க்டாப்களில் ராம் மாற்றுவது எளிய வேலை. தவறு பெரும்பாலும் திருகைக் கழற்றுவதற்கு முன்பே, கடையில் நடந்துவிடுகிறது.

'டெஸ்க்டாப்புக்கு 8 ஜிபி ராம்' என்று மட்டும் கேட்டால் நீளமான ராமைத்தான் எடுத்துத் தருவார்கள். அது இந்தப் பெட்டிகளுக்குள் நுழையவே நுழையாது. இவற்றுக்கு வேண்டியது லேப்டாப்பில் போடும் குட்டை ராம்; எஸ்ஓ-டிம் என்று கேளுங்கள்.

அடுத்து, ப்ராசஸரின் பெயரை வைத்து ராம் வகையை ஊகிப்பது. பணம் வீணாவது இதில்தான் அதிகம். இன்டெலின் 6ஆம் தலைமுறை ப்ராசஸர்கள் டிடிஆர்3எல், டிடிஆர்4 என்ற இரண்டு ராம் வகைகளையும் ஏற்பவை. எதைப் போடுவது என்பது மதர்போர்டைப் பொறுத்தது. ஆப்டிபிளெக்ஸ் 3040 மைக்ரோவில் டிடிஆர்3எல்; அதே தலைமுறையின் 7040 மைக்ரோவில் டிடிஆர்4. ராமின் அடி விளிம்பில் உள்ள வெட்டு இரண்டிலும் வெவ்வேறு இடத்தில் இருப்பதால், ஒன்று மற்றொன்றின் ஸ்லாட்டில் பொருந்தாது. ஆகவே மூடியைத் திறந்து, பழைய ராமின் ஸ்டிக்கரைப் படித்த பிறகே கடைக்குப் போங்கள். அதில் 'பிசி3எல்' (டிடிஆர்3எல்லுக்கு ஸ்டிக்கரில் போடும் பெயர்) என்றிருந்தால் அந்த 'எல்' முக்கியம்: அது 1.35 வோல்ட் ராம். வெறும் 'பிசி3' 1.5 வோல்ட்டில் ஓடுவது. உருவத்தில் பொருந்தும், ஆனால் இந்த போர்டுகளில் போடக் கூடாது.

மேக் மினி வைத்திருப்பவர்கள் முதலில் ஆண்டைப் பாருங்கள். 2012, 2018 மாடல்களில் மாற்றலாம். 2014 மாடலில் ராம் போர்டோடு சாலிடர் செய்யப்பட்டிருக்கிறது. 2020இல் வந்த, ஆப்பிளின் எம்1 சிப் கொண்ட மாடல் முதல் அது சிப்போடு சேர்ந்தே வருகிறது. வாங்கும் அன்றே போதுமான அளவைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும்.

மாட்டும்போது பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடியவிடுங்கள். ராமைச் சாய்வாக, தங்க நிறப் பட்டை ஏறக்குறைய மறையும்வரை உள்ளே தள்ளி, பிறகு கீழே அழுத்துங்கள். இருபுறக் கொக்கிகளும் 'கிளிக்' என்று பிடிக்க வேண்டும். இயக்கியதும் பீப் சத்தம் கேட்டவுடன் ராம் பழுது என்று திருப்பிக் கொடுக்க ஓடாதீர்கள். பல நேரம் அது சரியாக உட்காரவில்லை என்பது மட்டுமே.

டிடிஆர்4க்கு அடுத்து வந்த டிடிஆர்5 என்றால் இன்னொரு பொறுமையும் வேண்டும். புது ராமைப் போட்ட பின் முதல்முறை இயக்கும்போது மெமரி ட்ரெய்னிங் நடக்கும்; அதாவது போர்டு புது ராமுக்கு ஏற்பத் தன்னைச் சரிசெய்துகொள்ளும். திரை சில நிமிடங்கள் கறுப்பாகவே இருக்கலாம். பதறிப்போய் அணைத்துவிடாதீர்கள். எல்லாம் சரியாக வந்தபின் ராமைச் சோதிக்கும் மென்பொருளான மெம்டெஸ்ட்86 கொண்டு ஒரு இரவு முழுக்கச் சோதியுங்கள். பழைய ராமை அதுவரை யாருக்கும் விற்க வேண்டாம்.