கிரேக்கம், புவியியல், தலைமைத்துவம்: முதலாண்டில் சறுக்கும் இடங்கள்

மதுரையிலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் பிளஸ் டூ முடித்துவிட்டுக் கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தில் இளங்கலை சேரும் பிள்ளைகளில் சிலர் வேதாகம கிரேக்கம், புவியியல், தலைமைத்துவம் மூன்றையும் சேர்த்து எடுக்கிறார்கள். நல்ல சேர்க்கை. ஆனால் ஆங்கிலப் பாடநூல் காட்டும் வழியில் மட்டுமே நடந்து, கையில் இருக்கும் தமிழையும் பழகிய மண்ணையும் வகுப்புக்கு வெளியே விட்டுவிடுகிறார்கள். இன்னும் சிலர் இதற்கு நேர்மாறாக, நம் ஊரை அப்படியே வேதாகமக் கதைகள் நடக்கும் பாலஸ்தீனத்தின் மேல் போர்த்திப் பார்க்கிறார்கள். நான் பார்த்தவரை முதலாண்டுச் சறுக்கல்களில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றிலிருந்துதான் தொடங்குகின்றன.

கிரேக்கத்தைப் பற்றித்தான் பயம் அதிகம், அதனால் அதை முதலில் பார்ப்போம். முதல் வாரத்திலேயே கிரேக்கச் சொற்களைத் தமிழ் எழுத்தில் நோட்டில் எழுதிவைக்கும் பழக்கம் வந்துவிடுகிறது. அதை உடனே நிறுத்த வேண்டும். பை, பீட்டா, ஃபை மூன்றும் நம் ‘ப’வுக்குள் போய்விடும். காப்பா, காமா, கை மூன்றும் ‘க’வுக்குள். டௌ, டெல்டா, தீட்டா மூன்றும் ‘த’, ‘ட’ இரண்டுக்குள் கலந்துவிடும். இந்த ஒன்பது எழுத்துகளையும் பிரித்தறியாதவர் எதிர்கால வினையில் தடுமாறுவார். ஏனென்றால் எதிர்காலம் காட்ட வினையடியோடு சிக்மா (‘ஸ்’) சேரும். முதல் மூன்றில் எது சிக்மாவோடு சேர்ந்தாலும் ‘ப்ஸ்’ ஆகும். அடுத்த மூன்றும் ‘க்ஸ்’ ஆகும். கடைசி மூன்றும் மறைந்து சிக்மா மட்டும் நிற்கும். ஆங்கில நூலில் இது ஒரு அட்டவணை. பள்ளியில் புணர்ச்சி விதி படித்த நமக்கு இது புணர்ச்சிதான். அட்டவணையை உருப்போடாமல் புணர்ச்சியாகப் படித்தால் சீக்கிரம் மனதில் நிற்கும்.

உயிரெழுத்துகளில் நமக்கு இன்னொரு வசதியும் உண்டு. எப்சிலானும் ஈட்டாவும் எ, ஏ. ஆமிக்ரானும் ஒமேகாவும் ஒ, ஓ. ஆங்கிலம் வழியே உச்சரிக்கப் பழகுபவர்கள் இந்தக் குறில் நெடிலைத் தாங்களாகவே கெடுத்துக்கொள்கிறார்கள்.

வேற்றுமை உருபைக் கண்டு மிரள்வதும் தேவையில்லாதது. எழுவாய் எங்கே நின்றாலும் உருபை வைத்துப் பொருள் கொள்வது நமக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். வினையிலும் அப்படியே. ‘செய்தான்’, ‘செய்துகொண்டிருந்தான்’ என்று நாம் பிரிப்பது கிரேக்கத்தின் இரண்டு இறந்தகால வடிவங்களை ஓரளவு சரியாகவே காட்டும். பிலாத்து கைகளைக் ‘கழுவிக்கொண்டான்’ என்று சொன்னால் மத்தேயு 27:24இல் வரும், செயல் செய்பவனையே சார்ந்து நிற்கும் வினைவடிவத்தின் தன்மை புரிந்துவிடும். இதையே எல்லா வினைக்கும் நீட்டிவிடக் கூடாது. ‘வருகிறேன்’ என்பதற்கான சாதாரணச் சொல்லும் அதே வடிவத்தில்தான் வரும், அங்கே ‘கொள்’ பொருந்தாது.

தமிழ் நிஜமாகவே கைவிடுகிற இடம் பால். நமக்குப் பால் பொருளைப் பொறுத்தது. கிரேக்கத்தில் சொல்லைப் பொறுத்தது. கல் ஆண்பால், பட்டணம் பெண்பால், ஆவி என்ற சொல் இரண்டிலும் சேராத மூன்றாம் பால். அதை வைத்து ஆவியானவர் ஓர் ‘அது’தான் என்று வாதம் கட்டும் மாணவர்கள் ஒவ்வொரு வகுப்பிலும் கிளம்புவார்கள். இலக்கணப் பாலிலிருந்து கோட்பாடு எடுக்கக் கூடாது என்பதை முதல் மாதத்திலேயே பழகிக்கொள்ள வேண்டும்.

புதிய ஏற்பாட்டுக் கிரேக்கம் ஏதோ தனியான தேவபாஷை என்று நினைப்பதும் தவறு. எகிப்தில் கிடைத்த பாப்பிரஸ் கடிதங்களும் ரசீதுகளும் அது அன்றைய சந்தை மொழி என்பதைக் காட்டிவிட்டன. முதல் நூற்றாண்டுக் கடல் வணிகக் கையேடான பெரிப்ளுஸும் அந்தப் பொதுக் கிரேக்கத்தில் எழுதப்பட்டதுதான். பாண்டியர் நாட்டையும் கொற்கையின் முத்துக்குளிப்பையும் அது பேசுகிறது. மதுரைப் பிள்ளைக்கு இதைவிட நல்ல வாசிப்புப் பயிற்சி என்ன வேண்டும்?

புவியியலில் பெரிய தவறு, தட்டையான படத்தை மட்டும் பார்ப்பது. எருசலேம் கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 750 மீட்டர் மேலே. எரிகோ 250 மீட்டர் அளவுக்குக் கீழே. இடையில் சுமார் 25 கிலோமீட்டர்தான். வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் உயரத்தில் பாதிக்கும் மேலே இந்தச் சிறிய தூரத்தில் இருக்கிறது. நல்ல சமாரியன் உவமையில் அந்த மனுஷன் ‘இறங்கிக்கொண்டிருந்தான்’ என்று கிரேக்கம் சொல்வதன் பின்னால் இந்தச் சரிவு இருக்கிறது. இஸ்ரவேலின் வடகோடி முதல் தென்கோடி வரை என்பதற்கு வேதாகமம் சொல்லும் ‘தாண் முதல் பெயெர்செபா மட்டும்’ என்று பெரிதாக ஒலிக்கும் நீளமோ, மதுரையிலிருந்து கன்னியாகுமரிக்குப் போகும் தூரம் அளவுதான். அளவு மனதில் பதியாமல் பயணங்களைப் பற்றி எழுதினால் எல்லாமே காற்றில் நிற்கும்.

நம் ஊர் ஏமாற்றும் இடமும் இங்கே உண்டு. வேதாகமத்தில் முன்மாரி, பின்மாரி என்றதும் நம் பிள்ளைகள் தென்மேற்கையும் வடகிழக்கையும் எழுதிவிடுகிறார்கள். அங்கே கோடையில் மழையே கிடையாது. ஐப்பசியை ஒட்டி வந்து நிலத்தை விதைப்புக்கு இளக்குவது முன்மாரி. பங்குனி வாக்கில் கதிரை முற்றவைப்பது பின்மாரி. இரண்டும் ஒரே மழைக்காலத்தின் தொடக்கமும் முடிவும். அறுப்பு என்றதும் நமக்குத் தை மாதம் நினைவுக்கு வரும். அங்கே வாற்கோதுமை பஸ்காவை ஒட்டித்தான் அறுப்புக்கு வருகிறது.

பெயர்க் குழப்பங்களும் மதிப்பெண்ணைத் தின்னும். அப்போஸ்தலர் நடபடிகளில் வரும் ஆசியா கண்டம் அல்ல, இன்றைய துருக்கியின் மேற்கில் இருந்த ரோம மாகாணம். அந்தியோகியா இரண்டு: சீரியாவில் ஒன்று, பிசீதியாவில் ஒன்று. செசரியாவும் இரண்டு.

தலைமைத்துவத்தை ‘ஈஸி பேப்பர்’ என்று நினைத்துப் படிக்காமல் விடுகிறார்கள். எருசலேமின் அலங்கத்தை (மதிலை) எடுத்துக் கட்டிய நெகேமியாவிலிருந்து ஏழு கொள்கை, பத்துக் கொள்கை என்று எழுதிப் பக்கத்தை நிரப்பினால் போதும் என்ற எண்ணம். அவர் பாரசீக ராஜாவின் கடிதங்களோடும் குதிரைவீரரோடும் வந்தவர் என்பதை விட்டுவிட்டால் அவருடைய தலைமை புரியாது. இரண்டாம் அதிகாரத்தில் அவர் இராத்திரியில் அலங்கத்தைச் சுற்றிப் பார்க்கும் பாதையைப் படத்தில் குறியுங்கள். ஐந்தாம் அதிகாரத்தில் வயல்களை அடகுவைத்த ஜனங்களுக்காக அவர் பெரியவர்களோடு மோதுவதை நிதானமாகப் படியுங்கள். சபைக் கமிட்டிகளில் இன்றும் சண்டை வருவது பணத்திலும் நிலத்திலும்தான். அதனால் வரவு செலவுக் கணக்கைப் படிக்கவும் கூட்டக் குறிப்பு எழுதவும் தெரியாமல் இந்தப் பட்டத்தோடு வெளியே போகாதீர்கள். உள்ளூர் உதாரணங்களுக்கும் பஞ்சமில்லை. பசுமலையில் 1881இல் தொடங்கிய அமெரிக்கன் கல்லூரியும், கேட்டி வில்காக்ஸ் 1948இல் தொடங்கிய லேடி டோக் கல்லூரியும் எடுத்து எழுதத் தகுந்தவை.

அப்புறம், சேரும் முன்பே செய்ய வேண்டிய ஒன்று. பெயரில் பல்கலைக்கழகம் என்று இருப்பதால் பட்டம் எல்லா இடத்திலும் செல்லும் என்று நம்பிவிடாதீர்கள். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலை வெளியிடுகிறது, அதைப் பாருங்கள். இறையியல் பட்டமா, கலைப் பட்டமா, இறையியல் பட்டம் வழங்கும் அமைப்பான செராம்பூர் செனட்டோடு இணைந்ததா என்று கேளுங்கள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் என்றால் இங்கே சமநிலைச் சான்று கிடைக்குமா என்றும் கேளுங்கள். பி.எட்., முதுகலை, அரசு வேலை எதற்கு இந்தப் பட்டம் செல்லும் என்பதைப் பணம் கட்டும் முன் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.