பல்லூடகச் செயற்றிட்டம்: கமராவைத் தூக்குமுன் விடும் பிழைகள்

போனில் சார்ஜ் இல்லை, மெமரி நிறைந்துவிட்டது என்பதெல்லாம் ஒருமுறை பட்டால் பிள்ளைகளே திருந்திக்கொள்வார்கள். தவணைதோறும் புதுக் குழுக்கள் அச்சுப் பிசகாமல் திரும்ப விடும் பிழைகள் வேறு.

கதைப்பலகை கீறாமல் படம்பிடிக்கப் போவது

கதைப்பலகை என்றால் எடுக்கப்போகும் காட்சிகளை வரிசையாகப் பெட்டிகளில் கீறிவைக்கும் தாள். தலைப்பு திருகோணமலைக் கன்னியா வெந்நீரூற்று, மூன்று நிமிடக் காணொளி. குழு வேன் பிடித்துப் போய் நாற்பது நிமிடப் பதிவோடு திரும்புகிறது: வாளியால் அள்ளிக் குளிப்பவர்கள், பாதி செல்பி. பிறகுதான் உரை எழுத உட்காருகிறார்கள். முதல் வரியே "ஏழு கிணறுகளிலும் வெப்பம் ஒன்றல்ல." அதைக் காட்ட ஒரு காட்சியும் இல்லை; வெப்பமானியே கொண்டுபோகவில்லை. இனி இன்னொரு சனிக்கிழமை, இன்னொரு வேன் கூலி. இல்லையென்றால் கூகுள் படம். பெரும்பாலும் கூகுள்தான். அங்கேதான் எரிச்சல் வருகிறது.

கதைப்பலகைக்கு ஏ4 தாளை மூன்றுமுறை மடித்து விரித்தால் எட்டுப் பெட்டி. 180 செக்கன், காட்சிக்குச் சராசரி 6 செக்கன் என்றால் 30 காட்சி. நான்கு தாள் போதும். பெட்டிக்குள் குச்சி மனிதர் கீறினால் போதும், அழகாக வரையத் தொடங்கும் பிள்ளையை நிறுத்துங்கள். கீழே எழுதவேண்டியவை: என்ன கேட்கும், திரையில் என்ன எழுத்து, எத்தனை செக்கன், யார் எடுப்பது.

"வெப்பமானி நீருக்குள், அளவுகோல் மட்டும் கிட்டத்தில், 5 செக்கன், ஏழு தடவை" என்று எழுதியதுமே 35 செக்கன் போய்விட்டது தெரியும். கூடியதையும் குறைந்ததையும் மட்டும் காட்டுவோம் என்று பிள்ளையே முடிவெடுக்கும். தாளில் வெட்ட ஒரு அழிறப்பர் போதுமே. கொண்டுபோவது ஆய்வுகூட வெப்பமானியாக இருக்கட்டும். காய்ச்சல் பார்ப்பது 42 பாகையோடு நின்றுவிடும்.

ஒவ்வொரு காட்சிக்கும் முன்னும் பின்னும் 3 செக்கன் கூடுதலாக ஓடவிடுங்கள். இல்லாவிட்டால் இணைக்கும் இடமெல்லாம் கை ஆட்டம்.

உரையைக் கண்ணால் அளப்பது

"ஒரு பக்கம்தானே, மூன்று நிமிடம் வரும் சேர்." வராது. நேரம் பிடித்துச் சத்தமாக வாசிக்கவேண்டும். இரண்டு நிமிடம் இருபது செக்கனைத் தாண்டினால் கடலும் கோயில் மணியும் கேட்க இடமிராது.

கோணேசர் மலையில் குரல் பதிவு

கச்சான் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் மைக்கில் காற்று மட்டும்தான் பேசும். மலையில் படத்தை எடுங்கள். குரலை வீட்டில், உடுப்பு நிறைந்த அலுமாரியைத் திறந்துவைத்து அதன்முன் பதியுங்கள், எதிரொலி அடங்கும்.

அனுமதி

கோணேசர் மலைக்குப் போகும் வழியிலுள்ள பிரெட்ரிக் கோட்டைக்குள் இராணுவ முகாம் இருக்கிறது. கேட்டுவிட்டு எடுங்கள்.

பாமினி

பாமினி எழுத்துருவில் தட்டினால், அது இல்லாத கணினியில் தலைப்பு ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். யூனிகோட்டில் தட்டுங்கள்.

பெயரில்லாக் கோப்புகள்

பெட்டி இலக்கமே கோப்பின் பெயர்: "07 வெப்பமானி". போன் தானாக வைத்த பெயரோடு அறுபது கோப்பைக் கொடுத்தால், தொகுப்பவர் ஒவ்வொன்றாய்த் திறந்து பார்ப்பதிலேயே ஒரு பின்னேரம் போய்விடும்.