ஆங்கிள் ஃபைண்டர் மாட்டி தரை மட்டத்துல போட்டோ எடுக்கறப்ப நாம பண்ற தப்புங்க

மொத மழ பேஞ்ச மறுநாள் காலையில பாலக்கோடு பக்கம் செம்மண் காட்டுக்கு போனா செவப்பு வெல்வெட் பூச்சி ஊர்ந்துக்கிட்டு இருக்கும், சுண்டுவிரல் நகம் அளவுகூட இருக்காது, குங்குமத்த கிள்ளி வெச்ச மாதிரி ஒரு செவப்பு. அத நின்னுக்கிட்டு மேல இருந்து எடுத்தா வெறும் பொட்டுதான் வரும், மூஞ்சி தெரியணும்னா கேமராவ தரையில வெக்கணும், கேமராவ தரையில வெச்சா கண்ணு வெக்கறதுக்கு நாமளும் கன்னத்த மண்ணுல வெக்கணும். என்னோடது ஸ்க்ரீன் மடங்காத பழைய டிஎஸ்எல்ஆர், லைவ் வியூ போட்டு பின் ஸ்க்ரீன்லயே படத்த பாக்கலாம்னா எங்க ஊர் வெயில்ல எட்டரை மணிக்கே ஸ்க்ரீன்ல என் மூஞ்சிதான் தெரியுது. அப்படி ஒரு நாள் குப்புற கெடந்தப்ப வரப்பு மேல போன பெரியவர் ஒருத்தர் நின்னு, "என்னா தம்பி, படுத்துக்கினு இருக்க, மயக்கம் கியக்கம் வந்துடுச்சா"ன்னு கேட்டாரு. அன்னைக்கு முடிவு பண்ணி செகண்ட் ஹேண்ட்ல ஒரு ஆங்கிள் ஃபைண்டர் வாங்கினேன்.

தெரியாதவங்களுக்கு, இது கேமராவுல கண்ணு வெச்சு பாக்கற வியூஃபைண்டர் மேல மாட்டற எல் வடிவத்து சின்ன குழாய். உள்ள ப்ரிஸம் இருக்கு, நேரா வர்ற படத்த 90 டிகிரி வளைச்சு மேல அனுப்பும், நாம குனிஞ்சு கெணத்த எட்டிப் பாக்கற மாதிரி பாத்தா போதும். கேனான்ல ஆங்கிள் ஃபைண்டர் சி, நிக்கான்ல டிஆர்-5, டிஆர்-6, அப்புறம் சீகல்னு ஒரு சைனா கம்பெனியோடது, எல்லாம் இதே வேலதான் செய்யும். இதுல பெரிய வித்த ஒண்ணும் இல்ல, பாக்கற எடத்த மாத்துது, அவ்ளோதான், ஆனா நாமதான் இத மாட்டினா போட்டோவே நல்லா வந்துடும்னு நெனைச்சு கோட்ட விடறோம்.

நான் கோட்ட விட்டதுல பெருசு டயாப்டர் விஷயம், அதாவது நம்ம பார்வைக்கு தக்கபடி தெளிவா தெரிய வெக்கறதுக்கு திருப்பற சின்ன சக்கரம். வாங்கின மறுநாளே கிளம்பிட்டேன், ஒரு காலைப் பொழுது முழுக்க 140 போட்டோ எடுத்தேன், எல்லாமே மேனுவல் ஃபோகஸ், ஃபைண்டர்ல பாக்க கத்தி மாதிரி இருந்துச்சு, வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டர்ல போட்டா ஒண்ணுல கூட கண்ணு ஷார்ப்பா இல்ல, பூச்சியோட முதுகு முடி ஷார்ப்பா இருக்கு இல்லன்னா முன்னாடி கெடக்கற மண் கட்டி ஷார்ப்பா இருக்கு. லென்ஸ் போச்சுன்னு நெனைச்சு ரெண்டு நாள் தூக்கமே இல்ல. விஷயம் என்னன்னா கேமராலயும் ஒரு டயாப்டர் இருக்கு, ஆங்கிள் ஃபைண்டர்லயும் தனியா ஒண்ணு இருக்கு, நான் ஃபைண்டரோடத மட்டும் பூச்சி தெளிவா தெரியற வரைக்கும் திருப்பினேன். அதுதான் தப்பு. நாம பாக்க வேண்டியது பூச்சிய இல்ல, கேமராக்குள்ள லென்ஸோட படம் வந்து விழற ஃபோகஸிங் ஸ்க்ரீன்ங்கற சின்ன கண்ணாடிய. அந்த ஸ்க்ரீன் மேல கண்ணு நிக்கலன்னா, அதுக்கு கொஞ்சம் முன்னாடியோ பின்னாடியோ மெதக்கற படத்த கண்ணு தானா புடிச்சு ஷார்ப்பா காட்டிடும், சென்சார்ல விழறது வேற.

சரியா செய்யறது இப்படி. மொதல்ல ஆங்கிள் ஃபைண்டர கழட்டி வெச்சிடுங்க, கேமராவ வெறும் வானத்த பாத்து புடிங்க, சூரியன் இல்லாத பக்கமா, ஃபோகஸ் முழுசா கலைஞ்சு இருக்கட்டும். இப்ப ஸ்க்ரீன் மேல இருக்கற ஃபோகஸ் பாயிண்ட் கட்டம், கோடு, இதுங்க விளிம்பு கூர்மையா தெரியற வரைக்கும் கேமராவோட டயாப்டர திருப்புங்க. அதுக்கப்புறம் ஃபைண்டர மாட்டி அதே கோட்ட பாத்து ஃபைண்டரோட டயாப்டர திருப்புங்க. கண்ணாடி போடறவங்க, கண்ணாடியோட பாக்க போறீங்களா கழட்டிட்டு பாக்க போறீங்களான்னு அன்னைக்கே முடிவு பண்ணிக்கோங்க, நடுவுல மாத்தினா எல்லாம் போச்சு. ஃபைண்டர்ல பெருசாக்கற லீவர் இருந்தா அத தள்ளினதுக்கப்புறமும் ஒரு தடவ செக் பண்ணணும்.

அந்த லீவர் அடுத்த வில்லங்கம். கேனான் ஃபைண்டர்ல 1.25 மடங்கு, 2.5 மடங்குன்னு ரெண்டு இருக்கு, டிஆர்-6ல 1, 2. பெருசா தெரியுதேன்னு ஆசையில பல பேரு 2லயே வெச்சு எடுக்கறாங்க. அதுல ஃப்ரேமோட நடுப்பகுதி மட்டும்தான் தெரியும், ஓரம் தெரியாது, கீழ ஓடற ஷட்டர் ஸ்பீடு நம்பரும் தெரியாது, பூச்சியோட காலு வெட்டுப்பட்டு போனதும் பின்னாடி பீடிக்கட்டு பேப்பர் கெடந்ததும் வீட்டுக்கு வந்துதான் தெரியும். இருட்டாவும் இருக்கும், ரெண்டு மடங்கு பெருசானா அதே வெளிச்சம் நாலு மடங்கு எடத்துல பரவுது. போதாததுக்கு மேக்ரோவே, அதாவது ரொம்ப கிட்ட போயி பெருசா எடுக்கறதே வெளிச்சத்த தின்னும், எஃப் 2.8 லென்ஸ ஒண்ணுக்கு ஒண்ணு அளவுல, அதாவது பூச்சியோட நெஜ அளவே சென்சார்ல விழற மாதிரி வெச்சா கிட்டத்தட்ட எஃப் 5.6 மாதிரிதான் வேல செய்யும், எஃப் நம்பர் ஏற ஏற வெளிச்சம் கொறையும். அதனால ஃப்ரேம் பண்றது 1ல, ஃபோகஸ் பாக்கறது மட்டும் 2ல, உடனே திரும்பி 1க்கு வந்துடணும். இன்னொண்ணு, கேனான் 1500டி, நிக்கான் டி3500 மாதிரி ஆரம்ப ரக கேமராங்கள்ல வியூஃபைண்டர் 95 சதவீதம்தான் காட்டும், ஃபைண்டர் மாட்டினா மிச்ச 5 சதவீதம் தெரிஞ்சுடாது. ஓரத்துல எப்பவும் ஏதோ ஒரு புல்லு எட்டிப் பாக்கும்.

ஃபோகஸ் ரிங்க திருப்பிக்கிட்டே இருக்கறதும் வேலைக்காவாது. ஒண்ணுக்கு ஒண்ணுல எஃப் 11 வெச்சாலும் ஷார்ப்பா வர்ற ஆழம் ஒரு மில்லி மீட்டர் கணக்குதான். எவ்ளோ பெருசா வேணுமோ அதுக்கு ரிங்க செட் பண்ணிட்டு, கேமராவையே மயிரிழை முன்ன பின்ன நகத்தி கண்ணு தெளிஞ்ச நொடியில அமுக்கணும். ஆனா கண்ண ஃபைண்டர் மேல அழுத்தி வெக்காதீங்க, நெம்புகோல் மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கற சாமான் அது, நீங்க மூச்சு விட்டா கூட கேமரா ஆடும்.

இப்ப வெளிச்சம் உள்ள பூர்ற கத. இத யாரும் சொல்ல மாட்டாங்க, அனுபவிச்சாதான் தெரியும். டிஎஸ்எல்ஆர்ல வெளிச்சம் அளக்கற சென்சார் வியூஃபைண்டர் பக்கத்துலதான், மேல ப்ரிஸம் இருக்கற எடத்துல இருக்கு. சாதாரணமா நம்ம மூஞ்சியே அத மூடிக்கும், பின்னாடி இருந்து வெளிச்சம் போகாது. ஆங்கிள் ஃபைண்டரோட வாய் ஆகாசத்த பாத்து இருக்கு, நம்ம கண்ணும் அதுல ஒட்டாம கொஞ்சம் தள்ளிதான் இருக்கு, மத்தியான வெயில் அந்த சந்துல நேரா உள்ள எறங்கும். கேமரா ஓஹோ இங்க நெறைய வெளிச்சம்னு ஏமாந்து படத்த இருட்டா எடுத்து தரும். சந்தேகமா இருந்தா கேமராவே ஷட்டர் ஸ்பீட முடிவு பண்ற அப்பர்ச்சர் மோட்ல வெச்சு ஃபைண்டர் வாய கையால மூடி பட்டன பாதி அமுக்கி ஷட்டர் ஸ்பீட மேல இருக்கற டிஸ்ப்ளேலயோ பின் ஸ்க்ரீன்லயோ பாருங்க, கைய எடுத்துட்டு மறுபடி பாருங்க, நம்பர் மாறும். நான் ரெண்டு வழி வெச்சிருக்கேன். ஒண்ணு மேனுவல் மோட், ஒரு தடவ டெஸ்ட் பண்ணி செட் பண்ணா வெயில் மாறற வரைக்கும் தொட வேண்டாம். இன்னொண்ணு தலையில இருந்து துண்ட இழுத்து ஃபைண்டரோட சேத்து மூடிக்கறது, அந்த காலத்து ஸ்டுடியோ போட்டோகிராஃபர் கருப்பு துணிக்குள்ள பூந்த மாதிரி. பாக்க கேவலமா இருக்கும், ஆனா வெளிச்சமும் பூராது, கண்ணுக்கும் கூச்சம் இருக்காது. டைமர் போட்டுட்டு தள்ளி நின்னு எடுக்கறீங்கன்னா ஃபைண்டர் வாய கண்டிப்பா மூடுங்க.

ஓசூர், தளி பக்கம் மார்கழி காலையில போறவங்களுக்கு இன்னொரு தொல்ல, குனிஞ்சு பாக்கறதால நம்ம மூச்சு நேரா ஃபைண்டர் கண்ணாடி மேலதான் அடிக்கும், பனி மாதிரி மூடிக்கும், தொடச்சு தொடச்சு சலிச்சு போயிடும். வாய மூடி மூக்கால பக்கவாட்டுல விடுங்க, வேற வழி இல்ல.

ஃபைண்டர சுத்தி பக்கவாட்டுலயும் வெக்கலாம், பாறை இடுக்குல குனிய எடம் இல்லன்னா அப்படித்தான் வெக்கணும். கிருஷ்ணகிரி பாறைங்கள்ல ஓணான் எடுக்க போனப்ப அப்படி வெச்சேன், பக்கவாட்டுல திருப்பின உடனே படமும் சாஞ்சுக்கும், ஓணான் வலது பக்கம் ஓடினா ஃபைண்டர்ல மேல ஏறற மாதிரி இருக்கும், நான் கேமராவ வேற எங்கயோ திருப்பி நிக்கறேன். ஓடறத எடுக்க ஃபைண்டர் மேல பாத்தே இருக்கட்டும். பக்கவாட்டுல வெச்சே ஆகணும்னா செடி நேரா இருக்கான்னு நம்ம தலைய வெச்சு பாக்காம, ஃப்ரேமோட விளிம்ப வெச்சு பாருங்க.

வாங்கறப்ப நடக்கற தப்பு ஒண்ணு. நிக்கான்ல வியூஃபைண்டர் வாய் வட்டமா இருக்கற கேமராவுக்கு டிஆர்-5, சதுர வாய்க்கு டிஆர்-6. ஃபுல் ஃப்ரேம்னா, அதாவது பெரிய சென்சார் கேமரான்னா வட்டம்தான்னு ஒரு நண்பன் டி750க்கு டிஆர்-5 வாங்கிட்டு வந்தான், அது சதுர வாய், மாட்டவே இல்ல. அதே சமயம் டி500 சின்ன சென்சார்தான், ஆனா வட்ட வாய். பேர பாக்காதீங்க, வாய பாருங்க. மிரர்லெஸ் வெச்சிருக்கறவங்க இத யோசிக்கவே வேணாம், பெரும்பாலும் ஸ்க்ரீனே மடங்கும். அப்புறம் ஃபைண்டர புடிச்சு கேமராவ தூக்காதீங்க, மாட்டின மேனிக்கு வண்டியில போகாதீங்க, அந்த ப்ளாஸ்டிக் காடி ஒடஞ்சா சர்வீஸ்ல ஒரு வாரம் ஆகும்.

இத விட முக்கியம், கண்ணு குழாய்க்குள்ள போயிட்டா சுத்தி நடக்கறது ஒண்ணும் தெரியாது. முட்டி போடறதுக்கு முன்னாடி குச்சியால தரைய தட்டி கல்ல தள்ளி பாருங்க, இந்த மாதிரி வறண்ட பாறைக்காட்டுல சுருட்டை விரியன் கல்லுக்கு அடியிலதான் சுருண்டு கெடக்கும், மண் நெறத்துலயே இருக்கும். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை பக்கம் யானை நடமாடற எடம், அங்க பர்மிஷன் இல்லாம உள்ள போகவே கூடாது, பர்மிஷனோட போனாலும் கூட ஒருத்தர் நின்னு பாத்துக்கிட்டாத்தான் ஃபைண்டர்ல கண்ண வெப்பேன்.

கடைசியா பீன் பேக், கேமராவ வெக்கறதுக்கு தானியம் அடைச்ச துணிப்பை. என் ட்ரைபாட் எவ்ளோ விரிச்சாலும் ஒரு சாண் உயரத்துல நின்னுடும், பை மேல வெச்சா லென்ஸ் நாலஞ்சு விரக்கடையில வந்துடும். பழைய பேண்ட் கால வெட்டி நானே தச்சேன், மொதல்ல ராகி போட்டேன், பொடிப் பொடியா தையல் வழியா ஒழுகி போற எடமெல்லாம் எறும்ப கூட்டிட்டு வந்துச்சு. அப்புறம் கொள்ளு போட்டேன், அருமையா உக்காந்துச்சு, கனமும் சரி அமுங்கறதும் சரி. ஒரே ஒரு தடவ மழையில நனைஞ்ச பைய அப்படியே பேக்குல போட்டு மறந்துட்டேன். மூணாவது நாள் அம்மா ஏதோ நாறுதேன்னு பேக்க தொறந்து பாத்தாங்க, பேண்ட் கால்ல இருந்து வெள்ளையா மொள எட்டிப் பாக்குது. "ஏன்டா, கொழம்பு வெக்கறதுக்கு கேட்டா நான் ஊற வெச்சு தர மாட்டனா"ன்னாங்க.