மலையகத்தில் முதியோர் இல்லம் தேடுகிறீர்களா? இரவை விசாரியுங்கள்

பகல் பதினொரு மணிக்குப் போய்ப் பார்த்தால் எல்லா முதியோர் இல்லமும் நல்ல இல்லம்தான். வெயில் இருக்கும், கூட்டிப் பெருக்கிய முற்றம் இருக்கும், கதிரையில் இருப்பவர்கள் கும்பிட்டு வரவேற்பார்கள். ஆனால் நுவரெலியாவிலும் அட்டனிலும் பண்டாரவளையிலும் ஓர் இல்லத்தின் தரம் வெளிப்படுவது பொழுது சாய்ந்த பிறகு. குளிர், மழை, இருட்டு, ஆள் குறைவு எல்லாம் சேர்ந்து வரும் நேரம் அது. அதனால் கேட்க வேண்டிய கேள்விகளில் பாதிக்கு மேல் இரவைப் பற்றியவை.

தேடப் போகுமுன், சேர்க்கப்போகும் முதியவரின் நிலையை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். தானாக எழும்பி நடப்பாரா, கழிப்பறைக்குத் துணை வேண்டுமா, கையால் சாப்பிடுவாரா, மறதி உண்டா, இன்சுலின் போடுகிறாரா, எந்தக் கிளினிக்கில் மருந்து எடுக்கிறார் என்பவை போதும். தர்ம நிறுவனங்கள் நடத்தும் இல்லங்கள் பல, தன் வேலையைத் தானே செய்துகொள்ளக்கூடியவரை மட்டுமே எடுக்கும். இன்று நடப்பவர் அடுத்த வருடம் படுக்கையில் விழுந்தால் வைத்துப் பார்ப்பார்களா, வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களா என்று முதல் நாளே கேளுங்கள். பதில் எழுத்தில் இருக்க வேண்டும்.

அடுத்தது பதிவு. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி முதியோர் இல்லங்கள் பதிவு பெற வேண்டும். உங்கள் பிரதேச செயலகத்தில் முதியோர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரைச் சந்தித்தால், எந்த இல்லம் பதிவு பெற்றது, முறைப்பாடு வந்திருக்கிறதா என்று விசாரிக்கலாம். பதிவு இருப்பதால் மட்டும் இல்லம் நல்லதாகிவிடாது. இல்லாத இடத்தில் மேற்கொண்டு பேச வேண்டாம்.

மாலை ஆறரைக்குப் போங்கள்

முதல் தடவை சொல்லிவிட்டுப் போகலாம். இரண்டாம் தடவை நாள் குறிக்காமல், இரவுச் சாப்பாட்டு நேரத்துக்குப் போங்கள். இரவில் எத்தனை பேர் கடமையில் இருக்கிறார்கள், விழித்திருப்பார்களா, படுத்துக்கொள்வார்களா என்று கேளுங்கள். "கூப்பிட்டால் வருவோம்" என்றால் எப்படிக் கூப்பிடுவது? கட்டிலருகே மணி இருந்தால் நீங்களே அழுத்திப் பார்த்து, யாராவது வர எத்தனை நிமிடம் ஆகிறது என்று கவனியுங்கள். இரண்டு மாடிக்கு ஒரே ஆள் என்றால் ஒருவரைத் தூக்கும் நேரத்தில் மற்றவர் விழுந்து கிடப்பார்.

முதியவர்கள் இரவில் விழுவது பெரும்பாலும் கழிப்பறைக்குப் போகும் வழியில். கட்டிலிலிருந்து அங்கே நீங்களே நடந்து பாருங்கள். இடையில் படி இருக்கிறதா, இரவு முழுக்க விளக்கு எரியுமா, சுவரில் கைபிடி உண்டா? பழைய பங்களாவை இல்லமாக மாற்றியிருந்தால் கழிப்பறை வெளியே தனியாக இருக்கக்கூடும். மழை இரவில் அது ஆகாத காரியம், கட்டிலருகே கொமோட் கதிரை (கழிப்பறை வசதியுள்ள கதிரை) வைக்க ஒப்புக்கொண்டால் மட்டும் யோசிக்கலாம். கட்டிலில் அமர்ந்தால் இரு பாதமும் தரையில் பட வேண்டும். மெத்தையோடு சேர்த்து 45 முதல் 50 சென்ரிமீற்றர் உயரம் அநேகமானோருக்குச் சரியாக இருக்கும்.

குளிரை அளக்க ஒரு சின்ன வெப்பமானியைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். வீட்டுக்குள் 18 பாகை செல்சியஸாவது இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நுவரெலியாவில் தை, மாசி இரவுகளில் வெளியே 10 பாகைக்கும் கீழே இறங்கும். ஜன்னல் இடுக்கு அடைத்திருக்கிறதா, தரையில் விரிப்பு உண்டா, ஆளுக்கு எத்தனை கம்பளி என்று பாருங்கள். மூடிய அறையில் கரிச் சட்டி வைத்துக் குளிர் காயும் பழக்கம் இருந்தால் அந்த இல்லம் வேண்டாம். கரி எரிந்து வரும் காபனோரொட்சைட்டுக்கு மணமும் நிறமும் இல்லை, தூக்கத்திலேயே உயிர் போகும். நீரிழிவு உள்ளவரின் காலடியில் சுடுதண்ணிப் போத்தல் வைப்பதும் ஆபத்துதான். உணர்வு குறைந்த காலில் தோல் வெந்தாலும் அவருக்குத் தெரியாது.

யாரும் கேட்க நினைக்காத கேள்வி ஒன்று: மழைக்காலத்தில் துணியை எங்கே காயப்போடுகிறீர்கள்? தென்மேற்குப் பருவமழையில் அட்டன் பக்கம் நாட்கணக்கில் எதுவும் காயாது. கூரையோடு கூடிய இடமும், ஆளுக்கு மூன்று சோடி கட்டில் விரிப்பாவதும் இல்லாவிட்டால் ஈரத் துணியில்தான் படுப்பார்கள். மூக்கை நம்புங்கள். சிறுநீர் வாடையை மறைக்க டெட்டோல் கூடுதலாகத் தெளித்திருந்தாலும் அது தெரிந்துவிடும்.

மொழி

பகலில் அலுவலகத்தில் தமிழ் பேசுகிறார்கள் என்று திருப்திப்பட வேண்டாம். இரவில் இருப்பவருக்குத் தமிழ் தெரியுமா என்பதுதான் கேள்வி. மறதி நோயில் பிற்காலத்தில் கற்ற மொழி முதலில் போவதுண்டு. நாற்பது வருடம் சிங்களத்தில் கடையில் பேசிய தாத்தாவும் தாய்மொழிக்கே திரும்பிவிடலாம். "நெஞ்சு அடைக்குது", "ஒண்ணுக்கு வருது" என்று அவர் சொல்வது விளங்காவிட்டால் "சத்தம் போடுகிறார்" என்று தூக்க மாத்திரை கொடுத்துவிடும் இடங்களும் உண்டு. பகல் பத்து மணிக்கே பாதிப் பேர் தலை சாய்ந்து தூங்கினால், யாருக்கு என்ன மருந்து, எந்த வைத்தியர் எழுதியது என்று மருந்து அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். இன்சுலின் போடுபவர் என்றால் அதை எங்கே வைக்கிறார்கள் என்றும் பாருங்கள். இன்னும் திறக்காத இன்சுலின் 2 முதல் 8 பாகைக்குள் இருக்க வேண்டும், உறைந்துபோனால் பயனில்லை.

பாதையும் பணமும்

1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். ஆனால் அது முன்வாசல் வரை வர முடியுமா, ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு படி இறங்க வேண்டுமா? கிட்டிய வைத்தியசாலை டிக்கோயாவா, நுவரெலியாவா, தியத்தலாவையா, அடைமழையில் மாற்றுப் பாதை எது? வளவின் பின்புற மண்மேட்டையும் சுவர் வெடிப்பையும் பாருங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுத்தால் படுக்கையிலுள்ளவர்களை எங்கே கொண்டுபோவார்கள் என்பதற்கு அவர்களிடம் தயார்ப் பதில் இருக்க வேண்டும்.

மாதக் கட்டணத்துக்குள் பேம்பர்ஸ், மருந்து, வைத்தியசாலையில் கூட நிற்கும் ஆளுக்கான கூலி அடங்குமா, முற்பணம் திரும்புமா, இறந்தால் யார் என்ன செய்வது என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் வேண்டும். சிங்களத்தில் மட்டும் இருந்தால் வாசிக்கத் தெரிந்தவரைக் காட்டாமல் கையெழுத்து வைக்காதீர்கள். அடையாள அட்டையின் பிரதி போதும், மூலம் உங்களிடமே இருக்கட்டும். காணியையோ வீட்டையோ எழுதித் தரச் சொன்னால் வெளியே வந்துவிடுங்கள்.

சேர்த்த அன்று நிறையைக் குறித்து வையுங்கள். ஒரு மாதத்தில் நூற்றுக்கு ஐந்து குறைந்தால் சாப்பாடு போகவில்லை, ஊட்ட ஆளில்லை, அல்லது ஏதோ நோய் இருக்கிறது. படுக்கையில் இருப்பவரைப் பார்க்கப் போகும்போதெல்லாம் கம்பளியை விலக்கிக் குதிகாலையும் இடுப்பின் பின்புறத்தையும் பாருங்கள். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் புண் அங்கேதான் தொடங்கும். நம் கறுத்த தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. புறங்கையால் தொட்டு, சுற்றியுள்ள தோலைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருந்தால் அன்றைக்கே வைத்தியரிடம் காட்டச் சொல்லுங்கள்.